ஏழுமலை வீட்டு ஜன்னல்

ஏழுமலை அந்த உறையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார். ரிஜிஸ்டர் தபால் என்றால் அவருக்குத் தனி மரியாதை. ஈரக்கையை லுங்கியில் துடைத்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். அன்று சரியாகத் துடைக்கவில்லை போலிருக்கிறது. உறையின் ஓரத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு ஈரம் பரவியிருந்தது.

"சார், இன்னாமோ ரிஜிஸ்டர்ல வந்துகீது. பூரா இங்கிலீசு. பென்ஷன் சமாச்சாரமா பாரு."

காலை நேரம். நான் வாசல் பக்கம் நாற்காலியைப் போட்டுச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். உள்ளே குக்கர் விசில் அடித்தது. ஏழுமலை படியில் உட்கார்ந்து, நான் கண்ணாடி மாட்டிக்கொள்வதற்காகக் காத்திருந்தார்.

பருத்திப்பட்டில் எங்கள் மனைகள் அடுத்தடுத்து இருக்கின்றன. அவர் ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவர். நான் அந்தப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் முப்பது வருஷத்துக்கு மேல் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவன். இயந்திரப் படம் எதை வைத்தாலும் அவர் படித்துவிடுவார். ஆங்கில வாக்கியம் மட்டும் வராது. பேங்க், கேஸ், ஆஸ்பத்திரி என்று எங்கிருந்து ஆங்கிலத்தில் காகிதம் வந்தாலும் என்னிடம் கொண்டுவருவார். நான் படித்துத் தமிழில் சொல்வேன். அவர் தலையாட்டிவிட்டுப் போவார். அத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட "சரியாப் பாத்தியா சார்" என்று கேட்டதில்லை.

உறையைத் திருப்பினேன். இடது மூலையில் அனுப்புநர் முகவரி இருந்தது. என் பெயர். என் கதவு எண்.

கரையான்சாவடியில் ஒரு கடையில் உட்கார்ந்து, நானே வரி வரியாகச் சொல்லி டைப் அடிக்கவைத்த கடிதம் அது. நான் அனுப்பிய நோட்டீஸை, அது யார் அனுப்பியது என்று தெரியாமல், என்னிடமே படிக்கக் கொண்டுவந்திருந்தார் ஏழுமலை.

ஒரு சொல்லின் பரம்பரை

நான் இதையெல்லாம் எழுதுவதாக இல்லை. இந்தத் தொடரில் இதுவரை பள்ளிக்கூடக் கதைகள், மின்சார ரயில் கதைகள் என்று என்னை நல்லவனாகவே காட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். போன மாதம் பத்திரிகையின் ஆசிரியர் குழுவிலிருந்து ஒரு பெண் பேசினார். "வகுப்பில் ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு அதன் பூர்விகத்தைச் சொல்வீர்களாமே. அதுபோல ஒன்று எழுதுங்களேன், தினசரி புழங்குகிற சொல்லாக இருந்தால் நல்லது" என்றார்.

சரி என்றேன். என் மாணவர்களுக்கு மிகவும் பிடித்தது விண்டோ. மூன்று முறை எழுதிப் பார்த்தேன். மூன்று முறையும் சொல்லின் கதை பாதியில் நின்றுவிட்டது, எங்கள் வீட்டுக்கும் ஏழுமலை வீட்டுக்கும் நடுவில் நிற்கும் ஒரு சுவர் குறுக்கே வந்துவிட்டது. இரண்டையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

விண்டோ இன்று பார்ப்பதற்கு ஒற்றைச் சொல். பிறந்தபோது அது இரண்டு சொல். ஐரோப்பாவின் வட கடலோர மக்களின் பழைய மொழியிலிருந்து வந்தது. முதல் பாதி காற்று, இரண்டாம் பாதி கண். காற்றின் கண் என்று பொருள். அவர்கள் குளிர் நாட்டுக்காரர்கள். நீண்ட வீடு, நடுவில் அடுப்பு, கண்ணாடி கிடையாது. புகை வெளியே போகவும் வெளிச்சம் உள்ளே வரவும் கூரையிலோ சுவரிலோ ஒரு திறப்பு விடுவார்கள். அதற்கு வைத்த பெயர்தான் இது.

இங்கிலாந்தைக் கொள்ளையடிக்கக் கப்பலில் வந்தவர்கள், பிறகு அங்கேயே நிலம் பிடித்து உழுது, பக்கத்து வீட்டுக்காரர்களாகிவிட்டார்கள். சண்டை ஓய்ந்த பிறகும் சொல் தங்கிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரனிடமிருந்து அரிவாளும் கடப்பாரையும் இரவல் வாங்குவதுபோல இங்கிலாந்துக்காரன் இந்தச் சொல்லையும் வாங்கிக்கொண்டான்.

அவனிடம் ஏற்கெனவே சொந்தச் சொல் ஒன்று இருந்தது. அதுவும் கூட்டுச் சொல்தான். கண்துளை என்று பொருள். பார்க்க ஒரு ஓட்டை, அவ்வளவுதான். வந்த சொல் இருந்த சொல்லைத் தள்ளிவிட்டது. ஆனால் துளை என்று பொருள்பட்ட அந்தப் பாதி முழுக்கச் சாகவில்லை. நாஸ்ட்ரில் என்கிறோமே, மூக்குத் துவாரம், அதன் பின்பாதியில் இன்னும் ஒளிந்திருக்கிறது. ஜன்னலும் மூக்கும் ஒரு காலத்தில் ஒரே குடும்பம் என்று சொன்னால் வகுப்பில் பையன்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

நம்மிடமும் இருந்தன. காலதர் என்றால் காற்று வரும் வழி. பலகணி என்றால் பல கண் உடையது. அவர்கள் ஒரே சொல்லில் கட்டிய காற்றையும் கண்ணையும் நாம் இரண்டு சொல்லாக வைத்திருந்தோம். பிறகு இரண்டையும் விட்டுவிட்டுப் போர்த்துகீசியரிடமிருந்து ஜன்னலை எடுத்துக்கொண்டோம். அதன் வேரைத் தோண்டினால் சின்னக் கதவு என்று வரும்.

இதையெல்லாம் வருஷா வருஷம் நின்றுகொண்டு ரசித்துச் சொன்னவன் நான்.

உள்பக்கம் திறக்கும் கதவு

ஏழுமலை வீடு கட்டியபோது எங்கள் தெருவில் நாலே வீடுகள். சுற்றிலும் கருவேலம். அரை கிரவுண்டு மனையில் பக்கவாட்டில் இடம் விட்டால் கட்டில் போட இடம் இருக்காது என்று எல்லோரும் எல்லைக்கல்வரை கட்டிக்கொண்டார்கள். அவரும் என் பக்கத்து எல்லை வரைக்கும் சுவர் எழுப்பினார். என் மனையில் அந்தப் பக்கம் பத்தடி காலியாகக் கிடந்தது. துணி காயப்போடுவோம், இரண்டு வாழை இருந்தது. அதன் பின்பக்கம் ஏரி.

மேஸ்திரி சுவரை இடுப்பு உயரம் தூக்கிய அன்று ஏழுமலை வந்து கேட்டார். "சார், உன் பக்கமா ஒரு ஜன்னல் வெச்சிக்கட்டா? ஏரிக் காத்து வரும். அவளுக்கு நெஞ்சுல கொஞ்சம் இழுப்பு."

அவள் என்றது தனலட்சுமியை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில், வார்ப்புச் சாமான்களைத் தேய்த்து வழவழப்பாக்கும் இடத்தில், பல வருஷம் தூளுக்கு நடுவே வேலை பார்த்தவர். நான் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். என் பேச்சு அத்தோடு நிற்காது. விண்டோ என்ற சொல்லுக்குக் காற்றின் கண் என்று அர்த்தம் என்று அங்கேயே, மணல் குவியலுக்குப் பக்கத்தில் நின்று, முழுப் பாடமும் நடத்தினேன்.

தனலட்சுமி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "நம்ம ஊட்டுக்காரருக்கு ஜன்னல் வெக்கத்தான் தெரியும். வாத்தியாரு அதுக்குப் பேர் வெச்சி, காது குத்தி, மொட்டையும் அடிச்சிட்டாரு."

கம்பியை ஏழுமலையே பற்றவைத்தார். நிலை பொருத்திய அன்று பார்த்தேன், கதவுகள் உள்பக்கமாகத் திறப்பதுபோல் கீல் அடித்திருந்தார். வெளியே திறந்தால்தானே அறையில் இடம் மிச்சமாகும் என்று கேட்டேன்.

"வெளிய தொறந்தா உன் எடத்துல இல்ல நிக்கும்? நம்ம கதவு நம்ம எடத்துல இருக்கணும் சார்."

அந்த ஜன்னலை ஒட்டித்தான் தனலட்சுமியின் கட்டில். பிந்திய வருஷங்களில் இழுப்பு அதிகமாகி, பகலில் பெரும்பகுதி அங்கேதான் இருந்தார். என் மனைவி கமலா துணி உலர்த்தும்போது இருவரும் பேசிக்கொள்வார்கள். "எக்கா, அந்தப் பச்சப் பொடவைய நெழல்ல போடு, சாயம் பூடும்" என்று கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வரும்.

இருபது வருஷம்

என் மகன் புனேயில் கணினி வேலையில் இருக்கிறான். அந்தப் பத்தடியில் பிற்காலத்தில் அவன் ஏதாவது கட்டலாம் என்று எனக்கு ஒரு எண்ணம். அவனுக்கு அப்படி எண்ணம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. ஒரு சான்றிதழ் விஷயமாகப் பூந்தமல்லி போயிருந்தபோது, அங்கே பத்திரம் எழுதுகிற ஒருவரிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன்.

அவர் பேனாவை மூடிவைத்தார். "ஜன்னல் வெச்சு எத்தன வருஷம் ஆச்சு சார்?"

"பத்தொன்பது ஆகப்போகுது."

"போச்சு போங்க. இருபது முடிஞ்சா அந்தாளுக்குக் காத்து, வெளிச்ச உரிமை வந்துடும். அப்புறம் உங்க எடத்துல நீங்க செங்கல் வெச்சா கோர்ட்டுக்குப் போவான். படிச்சவரு, இதுகூடத் தெரியாமயா இருக்கீங்க?"

கடைசியில் சொன்னதுதான் என்னைக் குத்தியது. சட்டப் புத்தகம் வாங்கினேன். சிவப்புப் பென்சிலால் கோடிட்டுப் படித்தேன். ஜன்னலை மறைத்து ஒரு தடுப்பு வைக்க வேண்டும். அதை வைத்தது யார் என்று எதிராளிக்குத் தெரிய வேண்டும். தெரிந்தும் அவர் ஒரு வருஷம் எதிர்க்காமல் இருந்தால் போதும், இருபது வருஷக் கணக்கு அறுந்துவிடும். எனக்கு அப்படித்தான் புரிந்தது. ஒரு வருஷம் சுவர் நிற்கட்டும், பிறகு இடித்துவிடலாம், யாருக்கும் கெடுதல் இல்லை என்று முடிவு செய்தேன். தேர்வுத்தாளில் சரியான விடையைக் கண்டுபிடித்த மாணவனின் சந்தோஷம் எனக்கு.

கமலாதான் கேட்டாள். "அந்த ஜன்னல் உங்களை என்ன பண்ணுது?"

"நாளைக்குப் பையன் கட்டும்போது பிரச்சினை வரக்கூடாது."

"அவன் தீபாவளிக்கே வர மாட்டேங்கறான். கட்ட வரப்போறானாக்கும்."

நோட்டீஸை ஆங்கிலத்தில் எழுதினேன். தமிழில் எழுதியிருக்கலாம். தமிழில் எழுதினால் ஏழுமலைக்குப் புரிந்துவிடும் என்பதுதான் காரணம். இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனாலும் அதுதான் உண்மை. எதிராளிக்குத் தெரிய வேண்டும் என்று சட்டம் கேட்டது. தபால் போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சி இருந்தால் தெரிந்த மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டேன். அவர் அதை நேராக என்னிடமே கொண்டுவருவார் என்பது மட்டும், பத்தொன்பது வருஷம் பழகியும், எனக்குத் தோன்றவே இல்லை.

வந்தார். வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். நான் கடிதத்தைப் படித்து முடித்துவிட்டு மறுபடி முதல் வரியிலிருந்து படிப்பதுபோல் கண்ணை ஓட்டினேன்.

"இன்னா சார் போட்டுகீறான்?"

"ஒண்ணுமில்ல ஏழுமலை. மனை சம்பந்தமா பொதுவா ஒரு தகவல். எல்லாருக்கும் அனுப்பறது. பத்திரமா வெச்சுக்குங்க."

"பதில் கிதில் போடணுமா?"

"வேண்டாம்."

அவர் உறையை வாங்கிச் சட்டைப் பைக்குள் மடிக்காமல் செருகப் பார்த்தார். கொள்ளவில்லை. கையிலேயே எடுத்துக்கொண்டு போனார்.

ஒரு கல்

அடுத்த வாரம் ஹாலோ பிளாக் கல் வந்து இறங்கியது. ஜன்னலிலிருந்து ஒரு அடி தள்ளி, என் இடத்தில், எட்டடி உயரச் சுவர். மகன் கட்டப்போகிறான், அதற்கு முன்னேற்பாடு என்று சொன்னேன். ஏழுமலை மேஸ்திரிக்கு நூல் பிடித்துக் கொடுத்தார். அவருக்குக் கோணல் என்றால் பிடிக்காது.

சுவர் ஜன்னலின் அடிக்கட்டைக்கு வந்தபோது உள்ளே தனலட்சுமி எழுந்து உட்கார்ந்தார். மேல்மூச்சு வாங்கியது. "எத்தினி நாளிக்கு சார் இது?"

"கொஞ்ச நாள்தாம்மா."

"கட்டு சார், உன் எடம். எனிக்கு மட்டும் ஒரே ஒரு கல்லு வுட்டுட்டுக் கட்டச் சொல்லு. தோ, இங்க, கண்ணுக்கு நேரா. எக்கா துணி போடறதப் பாத்துனு கெடப்பேன்."

மேஸ்திரி கையில் ஒரு கல் இருந்தது. அதை வைக்காமல் என்னைப் பார்த்தார். "வுட்டுடலாம் சார். செவுத்துக்கு ஒண்ணும் ஆவாது" என்றார்.

அந்த ஒரு கல் அளவுக்கு ஓட்டை இருந்தால் வெளிச்சம் தொடர்ந்து வந்ததாக ஆகிவிடுமோ, என் ஒரு வருஷக் கணக்கு செல்லாமல் போய்விடுமோ என்று மனசுக்குள் சிவப்புப் பென்சில் ஓடியது.

"வேண்டாம். முழுசா வைங்க" என்றேன்.

மேஸ்திரி கலவையை அள்ளினார்.

கண்ணுக்கு நேராக ஒரு துளை. இங்கிலாந்துக்காரனிடம் அந்தக் கப்பல்காரர்களின் சொல் வருவதற்கு முன்னால் ஜன்னல் என்றால் அவ்வளவுதான். எத்தனையோ வகுப்புகளுக்கு நான் விளக்கிச் சொன்ன அந்தப் பழைய சொல்லின் முழு அர்த்தத்தையும், பள்ளிக்கூடம் போகாத ஒரு பெண், மூச்சு வாங்க வாங்க, விரலை நீட்டிக் காட்டிக் கேட்டார். எனக்கு அது அப்போது உறைக்கவில்லை. அதன் பிறகு அந்த அறையில் பகலிலும் பல்பு எரிந்தது.

எட்டாம் மாதம்

சுவர் கட்டிய எட்டாம் மாதம் தனலட்சுமி இறந்தார். மழை பிடித்த நேரம். சுவரால் இறந்தார் என்று டாக்டர் யாரும் சொல்லவில்லை. நுரையீரல் முன்பே போய்விட்டது என்றார்கள். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நான் கொஞ்ச காலம் ஓட்டினேன்.

ஆனால் கடைசி எட்டு மாதம் அவர் எதைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார் என்பது எனக்குத் தெரியும். துக்கத்துக்குப் போனபோது அந்தக் கட்டிலில்தான் என்னை உட்காரவைத்தார்கள். கம்பிக்கு அந்தப் பக்கம் பூசாத சாம்பல் நிறக் கற்கள். மழைத் தண்ணீர் இறங்கி, பாசி கோடு கோடாகப் படிந்திருந்தது. காற்று இல்லை. ஈரச் சிமெண்டு வாடையும் மருந்து வாடையும் கலந்து அடித்தது. ஓசூரிலிருந்து வந்திருந்த மகள் என் கையைப் பிடித்து, "அம்மா உங்கள எப்பவும் சொல்லிட்டே இருக்கும் சார்" என்று அழுதாள். என்ன சொல்வார் என்று நான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகாவது சுவரை இடித்திருக்கலாம். ஒரு வருஷம் முடிய இன்னும் நாலு மாதம் இருந்தது. நான் இடிக்கவில்லை. நாலு மாதமும் முடிந்தது. அப்போதும் இடிக்கவில்லை. திடீரென்று இடித்தால் ஏன் கட்டினீர்கள் என்று கேள்வி வருமே என்ற பயம். மகன் இதுவரை ஒரு செங்கல் வைக்கவில்லை. போனில் ஒருமுறை, "அந்த இடத்துல சுவரா? எதுக்குப்பா?" என்று கேட்டான்.

இதெல்லாம் நடந்து சில வருஷங்கள் ஆகின்றன. ஏழுமலை போன வாரம்வரை என்னைச் சார் என்றுதான் கூப்பிட்டார், ஆங்கிலக் காகிதங்களைக் கொண்டுவந்து கொடுத்தார். நானும் படித்துச் சொன்னேன். அந்த ஒரு கடிதத்தைத் தவிர எல்லாவற்றையும் சரியாகவே சொன்னேன்.

படிச்சிச் சொல்லு சார்

இந்தப் பத்திரிகையை அவர் வாராவாரம் வாங்குகிறார். தமிழை எழுத்துக்கூட்டி, விரல் வைத்துப் படிப்பார். என் தொடரைப் படித்துவிட்டு, "ரயில்ல குடைய வுட்ட கதை நெஜமா சார்?" என்று விசாரிப்பார். அவர் இதை அச்சில் பார்த்துத் தெரிந்துகொள்ளும்படி விடுவது இன்னொரு துரோகம் என்று பட்டது. போன ஞாயிற்றுக்கிழமை காலை நானே போனேன். நின்றுகொண்டே சொன்னேன்.

நான் முடித்ததும் அவர் எழுந்து பீரோவைத் திறந்தார். துணிக்கடியிலிருந்து அந்த உறையை எடுத்தார். பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொன்னேன் அல்லவா, வைத்திருந்தார்.

"இப்போ படிச்சிச் சொல்லு சார்."

படித்தேன். தங்கள் வீட்டு ஜன்னலுக்கு எதிராக எனது இடத்தில் நான் தடுப்புச் சுவர் எழுப்பப் போகிறேன் என்று அறிவிக்கிறேன். அதன் வழியாக வரும் காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் தங்களுக்கு எந்த உரிமையும் இல்லை. தங்களுக்கு ஆட்சேபம் இருப்பின், தடுப்பு எழுப்பிய ஒரு வருஷத்துக்குள் நடவடிக்கை எடுக்கலாம். ஒவ்வொரு வரியையும் ஆங்கிலத்தில் படித்து, பிறகு தமிழில் சொன்னேன்.

"அந்த ஒரு கல்லு வாணாம்னியே. அதுவும் இதுக்கோசரந்தானா?"

"ஆமா."

அவர் விரலை மடக்கி ஏதோ எண்ணினார். "ஒரு வருசம்னு போட்டுகீது. அவ எட்டாம் மாசமே பூட்டா. மீதி நாலு மாசம் செவுரு யாருக்கு சார் நின்னுச்சி?"

நாளைக்கே ஆள் கூப்பிட்டு இடித்துவிடுகிறேன் என்றேன்.

"இடிக்காத. வெளிச்சம் வந்தா வெறுங் கட்டில்தான் கண்ணுல படும். இப்பிடியே கெடக்கட்டும்."

உறையை மறுபடி துணிக்கடியில் வைத்துவிட்டு, "நீ போ சார். எக்கா தேடும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் வீட்டுக்கு வந்து என்னால் சாப்பிட்டிருக்க முடியும்.

நேற்று மத்தியானம் தபால் கொண்டுவரும் பெண் ஏழுமலை வாசலில் வண்டியை நிறுத்தினார். வழக்கமாகக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். நேற்று போகவில்லை. உறையைப் பிரித்துக் காகிதத்தைக் கண்ணருகே வைத்துக்கொண்டு, அவருக்கு ஒவ்வொரு சொல்லாக ஆங்கிலத்தில் படித்து, தமிழில் அர்த்தமும் சொன்னார். ஏழுமலை படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். பாதியில் ஒரு சொல் அந்தப் பெண்ணுக்கு வரவில்லை. இரண்டு முறை கூட்டிப் பார்த்தார்.

"தெர்லயேண்ணா. பக்கத்துல வாத்தியார்தானே? கேட்டுக்கினு வரட்டா?"

"வாணாம்மா" என்றார் ஏழுமலை. "தெரிஞ்ச வரைக்கும் படி, போதும்."